காது முந்தி, தாள் பிந்தி: ஜொகூரிலிருந்து இசை படிக்கப் போகிறவர்களின் முதலாண்டு

ஜொகூர் மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் 70 அளவில் உள்ளன. அவற்றில் இசைக்கல்வியும் ஒரு பாடம்; மேல்வகுப்புப் பிள்ளைகள் ரெக்கார்டர் ஊதப் பழகுகிறார்கள். ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பாடம் அத்தோடு சரி. இசையை ஒரு பாடமாக நடத்தும் இடைநிலைப்பள்ளிகள் மிகக் குறைவு. அரசின் கலைப்பள்ளியான செக்கோலா செனி மலேசியா ஜொகூர் பாருவில் இருக்கிறது என்றாலும் அதில் இடம் கிடைப்பவர்கள் சிலரே. ஆக, பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் இசை பள்ளிக்கு வெளியேதான் வளர்கிறது: கோயில் தேவார வகுப்பில், உறுமி மேளக் குழுவில், கீபோர்டு டீச்சர் வீட்டு ஹாலில், அண்மைக் காலமாக மடிக்கணினியில்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஓர் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறது. கல்லூரியோ, அந்த ஆறு வருடமும் ஐந்து கோட்டுத் தாளைப் பார்த்து வாசித்து வளர்ந்த ஒருவரை எதிர்பார்த்துத் தன் முதல் பருவப் பாடத்திட்டத்தை எழுதி வைத்திருக்கிறது. முதலாண்டுத் தடுமாற்றங்களில் பெரும்பங்கு இங்கே பிறக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் மாணவர், பெற்றோர், சில வேளை விரிவுரையாளரும்கூட, அதை இடைவெளியாகப் பார்ப்பதில்லை. ‘பேசிக் இல்லை’ என்கிறார்கள். அடுத்த கட்டமாக, ‘இவனுக்கு அவ்வளவு திறமை இல்லை போல’ என்கிறார்கள். இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், எங்கே போகிறார்கள்? ஜொகூரில் உயர்கல்விக் கூடங்களுக்குக் குறைவில்லை. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பத்து பகாட் வட்டாரத்தில் துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றவை உண்டு. ஆனால் அவை பொறியியல் சார்ந்தவை. இசைப் பட்டம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். வடக்கே போனால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் அஸ்வாரா கலைக்கழகமும், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். தனியாரில் யுசிஎஸ்ஐ, ஐகோம் போன்றவை. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் இசைத்துறை உண்டு. அது பூமிபுத்ரா மாணவர்களுக்கென இருப்பதால் நம் பிள்ளைகளின் பட்டியலில் வராது. அரசு செலவில் இசை படிக்கக் கிடைக்கும் இடங்கள் தமிழ் மாணவருக்கு அந்த அளவு குறைகின்றன என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடலாம்.

தெற்கே பார்த்தால், ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளப் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர். 1938இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகம் இப்போது லாசால் கலைக்கல்லூரியுடன் சேர்ந்து கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிவிட்டது. தேசியப் பல்கலைக்கழகத்துக்குள் யோங் சியூ தோ இசைக்கல்லூரி இருக்கிறது. கர்நாடக இசைக்கு 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம். தூரம் பக்கம், செலவு தூரம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துக் கல்விக்கட்டணம் கட்ட வேண்டும். வாடகையை மிச்சம் பிடிக்க வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். விடியற்காலையில் சுங்கச்சாவடி வரிசையில் முதுகில் செல்லோவோ கையில் மிருதங்கமோ சுமந்து நிற்பவருக்கு, மாலை வீடு திரும்பியதும் பயிற்சி செய்ய என்ன தெம்பு மிஞ்சும் என்பதை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

மூன்றாவது வழி சென்னை. கலாக்ஷேத்ரா (1936), 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கர்நாடக இசைக்கல்லூரி, ஏ.ஆர். ரகுமானின் கே.எம். இசைக்கல்லூரி (2008) என்று தேர்வுகள் உண்டு. அதையும் தாண்டிச் சிதம்பரம் இருக்கிறது: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக்கல்லூரி 1929லேயே தொடங்கியது. குருகுலத்திலிருந்து வகுப்பறைக்கு இசை இடம் மாறிய அந்தக் காலத்தில், மணி அடித்ததும் எழுந்துபோகும் ஒரு பீரியடில் பாட்டு வருமா என்ற ஐயம் வித்வான்களிடம் இருந்தது. நியாயமான ஐயம்தான். குரு வீட்டில் மாணவர் பாடம் கேட்காத நேரத்திலும் இசைக்குள் இருந்தார். கல்லூரியில் அந்த மீதி நேரத்தை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முதலாண்டு மாணவர் இன்றைக்கும் திணறும் விஷயம் இதுவே.

சரி, ஜொகூர்ப் பிள்ளை கையில் என்ன கொண்டுபோகிறது?

நிறையவே கொண்டுபோகிறது. மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் விழாவுக்காகத் தயாரான பிள்ளைக்கு, பெயர் தெரியாமலேகூட, நட்டபாடைப் பண் நாட்டையாகவும் கொல்லி நவரோஜாகவும் தொண்டையில் ஏறியிருக்கும். டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸின் ஜொகூர் பாரு கிளை போன்ற இடங்களில் பாட்டோ வயலினோ மிருதங்கமோ கற்றவருக்கு வரிசைகள், அலங்காரங்கள், கீதம், வர்ணம் என்ற படிக்கட்டு பழக்கம். உறுமி மேளக் குழுவில் வாசித்த பையனுக்கு ஊர்வலக் கூட்டத்தின் நடுவே, பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காத சத்தத்தில், பத்துப் பேரோடு ஒரே லயத்தில் நிற்கத் தெரியும். மேடையில் நடுங்கும் பியானோ மாணவர் பலருக்கு அது வாய்க்காத தைரியம். இன்னொரு வகையினரும் இப்போது பெருகிவிட்டார்கள்: 1998இல் பொயட்டிக் அம்மோ, 2006இல் யோகி பி-யும் நட்சத்திராவும் வெளியிட்ட ‘வல்லவன்’ என்று தொடர்ந்த மலேசியத் தமிழ் ராப் மரபில் வளர்ந்து, படுக்கையறையில் எஃப்.எல். ஸ்டுடியோ மென்பொருளை வைத்துக்கொண்டு ‘பீட்’ செய்பவர்கள். இவர்களுக்கு ஒலியின் நிறம், அடுக்கு, அளவு எல்லாம் அத்துப்படி. தாளில் ஒரு சுரத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் விழிப்பார்கள்.

எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: காதால் கற்றது. கல்லூரி கேட்பது வேறு. பெரும்பாலான மேற்கத்திய இசைப் பிரிவுகள் நுழைவுக்கே ஏ.பி.ஆர்.எஸ்.எம். அல்லது டிரினிட்டி கிரேடுகளை அளவுகோலாக வைத்திருக்கின்றன. 1889இல் லண்டனில் தோன்றிய அந்த ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பின் விதிப்படி, ஆறாம் கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போவதற்கு முன் ஐந்தாம் கிரேடு தியரியிலோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் தேர்விலோ தேறியிருக்க வேண்டும். பியானோ வகுப்புக்கு எட்டு வயதிலேயே அனுப்பப்பட்ட நகரத்துப் பிள்ளை அதைப் பதினான்கு வயதில் முடித்திருக்கும். குளுவாங் பக்கத் தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படி ஒரு தேர்வு இருப்பதே விண்ணப்பப் படிவத்தைப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

முதல் வாரத்துச் செவிப்பயிற்சி வகுப்பை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் பியானோவில் இரண்டு கட்டைகளை அடுத்தடுத்து அழுத்துகிறார். ஆறு வருடம் பாட்டு கற்ற பெண்ணுக்கு அது ‘ச-ப’. கேட்ட நொடியில் தெரிந்துவிடும். பக்கத்திலிருக்கும் கிரேடு எட்டுக்காரர் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பார். ஆனால் விடைத்தாளில் ‘பெர்ஃபெக்ட் ஃபிஃப்த்’ என்று எழுத வேண்டும். கோடுகளின் மேல் சரியான இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்தது மதிப்பெண்ணாக மாறவில்லை. அடுத்து ஒரு மெட்டைப் பார்த்துப் பாடச் சொல்கிறார்கள். மேஜர் ஸ்கேல் என்பது சங்கராபரணத்தின் சுரங்கள் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் பாடியிருப்பாள். லிடியன் என்றால் கல்யாணி, டோரியன் என்றால் கரகரப்பிரியா, ஃபிரிஜியன் என்றால் தோடி, மிக்ஸோலிடியன் என்றால் ஹரிகாம்போதி. கமகத்தைக் கழித்துவிட்டுச் சுரத்தானங்களை மட்டும் பார்த்தால் இந்தப் பொருத்தம் சரியாகவே இருக்கும். மற்றவர்கள் மூன்று வாரம் மனப்பாடம் செய்யும் பட்டியல் அவள் தொண்டையில் முன்பே இருக்கிறது. கல்லூரிக்கு அது தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஸட்ஜமத்தை எங்கே வைத்தாலும் ஸட்ஜமம் என்ற பழக்கம் இதில் பெரிய சொத்து. ஐந்து கட்டையில் பாடிப் பழகியவளுக்கு ‘ஜி’தான் வீடு, அதை ‘டி’க்கு நகர்த்தினால் வீடு நகர்ந்ததே தவிர உறவு மாறவில்லை. பாட்டின் நடுவில் சுருதி மாறும் ‘மாடுலேஷன்’ கூட அவளுக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமமாக எடுத்தால் மத்தியமாவதி, காந்தாரத்தை எடுத்தால் ஹிந்தோளம் என்று கிரக பேதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரிடம் படித்திருந்தால், ஆதார சுரம் இடம்பெயர்வது என்ன என்று அவள் ஏற்கெனவே அனுபவித்தவள். தாள விஷயத்திலும் அப்படியே. ஐந்து எண்ணிக்கை, ஏழு எண்ணிக்கைச் சந்தம் வந்தால் ஆர்க்கெஸ்ட்ரா மாணவர் பலர் தடுக்கி விழுகிறார்கள். கண்டமும் மிஸ்ரமும் கொன்னக்கோலில் சொல்லிப் பழகிய மிருதங்கக்காரருக்கு அது சாதாரணம்.

ஆனால் எல்லாமே மொழிபெயர்ப்புப் பிரச்சினை என்று சொன்னால் அது பிள்ளையைத் தேற்றும் பேச்சாகத்தான் இருக்கும். உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஹார்மனி. ஒரே நேரத்தில் நான்கு குரல்கள் நான்கு வழியில் நகர, அடிக்குரல் எங்கே போகிறது என்று தனியே பிரித்துக் கேட்க வேண்டும். நம் காது ஒற்றை மெட்டை நுணுக்கி நுணுக்கிக் கேட்கப் பழகியது. அடியில் தம்புரா அசையாமல் நிற்கும். தம்புராவின் ப-ச-ச-ச ஒலியில் ஊறியவரிடம் ‘இரண்டு குரல்கள் அடுத்தடுத்து ஐந்தாம் இடைவெளியிலேயே நகரக் கூடாது’ என்று ஹார்மனி ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தால், இனிமையாகத்தானே இருக்கிறது, ஏன் தப்பு என்றுதான் தோன்றும். அப்படி நகர்ந்தால் இரண்டு குரலும் தனித்தன்மை இழந்து ஒரே குரலாகக் கேட்டுவிடும் என்பதே விதியின் காரணம். காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பிடிபடும். விதியாக மட்டும் கொடுத்தால் ஒரு பருவம் போனாலும் ஒட்டாது. இந்த இடத்தில் குறை மாணவரிடமா கற்பித்தலிடமா என்று கேட்டால் நான் இரண்டாவதன் பக்கம்தான் சாய்வேன்.

காது முதலில், தாள் பிறகு என்ற வரிசை ஊனம் அல்ல என்பதற்குத் தமிழுலகில் எல்லோருக்கும் தெரிந்த சான்று இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராக வாசித்துக் காதால் வளர்ந்தவர், 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்த பிறகே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சுரக்குறிப்பும் ஹார்மனியும் பயின்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வும் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டி இருக்கும். எல்லோரும் இளையராஜா ஆகிவிட மாட்டார்கள் என்பது வேறு விஷயம். இருபது வயதுக்கு மேல் தாளைக் கற்றுக்கொள்ள முடியாது என்ற நம்பிக்கை தப்பு என்பதற்கு இது போதும்.

இனி மனத்தின் பக்கம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். பள்ளி ஆண்டு விழாவிலும் கோயில் மேடையிலும் ஒரே பாடகியாக இருந்தவள், பாடத் தெரிந்தவர்கள் மட்டுமே இருக்கும் வகுப்பில் போய் உட்காருகிறாள். உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1980களில் இதை விரிவாக ஆராய்ந்தார்: ஒருவரின் தன்மதிப்பு அவருடைய உண்மையான திறனால் மட்டுமல்லாமல், சுற்றியிருப்பவர்களின் திறனோடு ஒப்பிடுவதாலும் ஏறி இறங்குகிறது. லண்டன் ராயல் இசைக்கல்லூரியின் புதுமுக மாணவர்களைப் பற்றி ரோசி பர்ட்டும் ஜேனட் மில்ஸும் 2006இல் எழுதிய கட்டுரையிலும், மற்றவர்களைவிடத் தாம் மட்டமோ என்ற பயம் வருகிறது. ஆக, தஞ்சோங் மாலிமில் அழும் ஜொகூர்ப் பெண்ணுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல இது.

ஹென்றி கிங்ஸ்பரியின் 1988ஆம் ஆண்டு நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அமெரிக்க இசைக்கல்லூரி ஒன்றை மானிடவியலாளர் ஒரு சமூகத்தைக் கவனிப்பதுபோல் கவனித்த அவர், ‘டேலண்ட்’ என்பது ஒருவருக்குள் இருக்கும் பொருள் என்பதைவிட, அதிகாரம் உள்ளவர்கள் ஒருவர்மேல் வைக்கும் முத்திரை என்று வாதிட்டார். முழுக்க ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. சில பிள்ளைகளுக்குச் சுருதி சேர்வதில் உள்ள வேகம் முத்திரையால் வருவதில்லை. ஆனால் முதல் பருவத்திலேயே அந்த முத்திரை குத்தப்பட்டால் அதற்கு ஏற்றபடியே மாணவர் நடக்கத் தொடங்கிவிடுகிறார் என்ற பகுதி நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. ‘பேசிக் இல்லை’ என்று பெயர் எடுத்தவர் பின்வரிசைக்கு நகர்கிறார், குழுவில் சேரக் கூச்சப்படுகிறார், கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி அறையில் அடைகிறார்.

அங்கேதான் அடுத்த ஆபத்து. பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில் ஒரு மணி நேரப் பயிற்சி திடீரென்று ஐந்து மணி நேரமாகிறது. விரலும் மணிக்கட்டும் தோளும் அதற்குத் தயாராக இருப்பதில்லை. ஷூமன் தன் வலக்கை விரலைக் கெடுத்துக்கொண்டு பியானோ மேடைக் கனவைக் கைவிட்ட கதை இசை மாணவர்கள் அனைவருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் தமக்கு நடக்கும் என்று நினைப்பதில்லை. எரிக்சனும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட பெர்லின் வயலின் மாணவர் ஆய்விலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது பத்தாயிரம் மணி நேரம் என்ற எண்ணை மட்டும்தான், அதுவும் 2008இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய பிறகு. அதே ஆய்வு சொன்ன வேறு செய்தி கவனிக்கப்படவில்லை: சிறந்த மாணவர்கள் நடுவே ஓய்வு விட்டுப் பகுதி பகுதியாகப் பயிற்சி செய்தார்கள், காலைப் பொழுதை அதற்கு ஒதுக்கினார்கள், மதியம் கண்ணயர்ந்தார்கள். நம்மூரில் சாதகம் விடியற்காலைக்கு உரியது என்று சொல்லி வைத்ததும் சும்மா இல்லை. விடுதியில் விடியற்காலை ஐந்துக்கு யாரும் பாடவோ தட்டவோ விடமாட்டார்கள் என்பது மட்டும்தான் இடைஞ்சல். பயிற்சி அறைக்கு நேரம் பதிவு செய்யும் தாளில் காலைக் கட்டங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும்; முதலாண்டு மாணவர் போட்டி போடுவது இரவு எட்டு மணிக்கு.

வாத்தியத்துக்கும் ஒரு முதலாண்டு உண்டு. ஜொகூர் ஈரக்காற்றில் பழகிய மிருதங்கம், நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறைக்குப் போனால் தோல் காய்ந்து சுருதி ஏறும். வெளியே தாழ்வாரத்துக்கு எடுத்து வந்தால் இறங்கும். தொப்பியில் பூசும் ரவை அந்தக் குளிரில் சீக்கிரம் உலர்ந்து உதிரும். வீட்டில் அரை மணி தாங்கியது இங்கே தாங்காது. திரும்பவும் பிசைந்து பூச வேண்டும், தரையில் சிந்தியதைத் துடைக்கவும் வேண்டும். இதை எந்தக் கையேட்டிலும் எழுதுவதில்லை. மூத்த மாணவர் யாராவது மிருதங்கம் வாசித்திருந்தால் சொல்வார். பல துறைகளில் அப்படி ஒருவர் இருப்பதில்லை.

பல மலேசியக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே ஏதாவதொரு மரபுக் குழுவில், காமெலானிலோ கொம்பாங்கிலோ, வாசிக்கச் சொல்வார்கள். தமிழ் மாணவர் இதைத் தொலைத்துக்கட்ட வேண்டிய கட்டாயப் பாடமாக எடுத்துக்கொள்வது எனக்கு வருத்தம் தரும் விஷயம். காமெலான் பெரும்பாலும் ஐந்து சுர வரிசையில் இயங்குவது. தாளில்லாமல் கேட்டும் பார்த்தும் கற்பது. காதால் வந்தவர் முதல் நாளே மற்றவரைவிட முன்னால் நிற்கக்கூடிய வகுப்பு அது. ஜொகூர்க்காரருக்கு இன்னும் நெருங்கிய ஒன்றும் உண்டு. மூவாரை மையமாகக் கொண்டு வளர்ந்த கஸல் இசையில் ஹார்மோனியமும் தபலாவும்தான் முதுகெலும்பு; கூடவே காம்புஸ், வயலின், கிட்டார். பாக் லோமாக் என்று ஊரார் அழைத்த ஹாஜி மூசா யூசோப் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். ஜொகூர் மரபுரிமை அறவாரியம் இன்றும் சாப்பின் நடனத்தோடு கஸலையும் பேணிவருகிறது. பஜனையில் ஹார்மோனியம் வாசித்த கையும் தாளம் போட்ட கையும் மலாய் மேடையில் உரிமையோடு உட்கார ஏற்ற இசை, சொந்த மாநிலத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை நம் பாட்டு ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவரிடம் சொல்வது அபூர்வம்.

பெற்றோர் கேட்பது வேறு கேள்வி: பாட்டுப் படித்து என்ன வேலை கிடைக்கும்? ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் இசைக்கல்வி ஒரு பிரிவாக இருப்பதால் பள்ளி ஆசிரியர் வேலை என்ற பதில் கையில் உண்டு. தனி வகுப்பு, ஒலிப்பதிவு, திருமண மேடை, தேவாலயம், கோயில் என்று மற்றவை கலந்து வரும். இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் இடம் தரத் தேவையில்லை. பதில் தெரிந்துகொண்டுதான் பிள்ளைகள் வருகிறார்கள்.

செய்யக்கூடியது என்ன? இடைநிலைப்பள்ளியின் எஸ்.பி.எம். தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை பல மாதங்கள் சும்மா போகின்றன. ஐந்தாம் கிரேடு தியரித் தேர்வை இப்போது கணினி முன் உட்கார்ந்தே எழுதலாம். ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ ஒரு கோயில் மண்டபத்தில், கர்நாடக இசை தெரிந்த ஒருவரும் பியானோ தெரிந்த ஒருவரும் சேர்ந்து, சங்கராபரணத்திலிருந்து தொடங்கி ஐந்து கோட்டுக்கு அழைத்துப்போகும் வகுப்பை அந்த மாதங்களில் நடத்த முடியும். தேவார வகுப்புக்கு இடம் கொடுக்கும் நிர்வாகங்களுக்கு இது பெரிய சுமை அல்ல.

கல்லூரிகள் செய்ய வேண்டியது வேறு. முதல் பருவத்துத் தியரி, செவிப்பயிற்சி மதிப்பெண்களைத் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் பதிந்தால் போதும், ஒட்டுமொத்தச் சராசரியான சி.ஜி.பி.ஏ.வில் சேர்க்க வேண்டியதில்லை. காசு கணக்கும் இதில் இருக்கிறது. அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். வாங்கிப் படிப்பவர் முதல் வகுப்பில் பட்டம் பெற்றால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்ற சலுகை உண்டு. நான்காம் ஆண்டில் வகுப்பிலேயே சிறந்த காது உடையவராக இருப்பவர், முதல் பருவத்தில் புள்ளியைச் சரியான கோட்டில் வைக்கத் தெரியாததால் அந்தச் சராசரியைத் தவறவிட்டால், அதற்கான தவணையை அவர் பல வருடம் கட்டிக்கொண்டிருப்பார்.